தேர்வாகாத பிள்ளைக்கு யார் துணை?

(விருத்தாசலத்தில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர இயலாத சகோதரிகளுக்காக இங்கே தருகிறோம்.)



சேமிப்பு, உள்கடன், தவணை, வட்டி என்று மாதாமாதம் கணக்குத்தான் பேசுகிறோம். கணக்கு தேவைதான். கணக்கு சரியாக இருந்தால்தான் குழு நிற்கும். ஆனால் இந்த மாதம் கணக்கு வாசித்து முடித்த கையோடு வேறு ஒரு விஷயத்தையும் பேசலாம் என்று முடிவு செய்தோம். நம்ம வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிய விஷயம்.

குழுக் கூட்டங்களுக்குப் போய் உட்காரும்போது ஒரு வார்த்தை அடிக்கடி காதில் விழுகிறது. "எடுக்கல." பொண்ணு விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் போச்சு, எடுக்கல. பையன் மாவட்ட அணிக்குப் போனான், எடுக்கல. அந்த ஒரு வார்த்தையோடு பல வீடுகளில் கதை முடிந்துவிடுகிறது. காலணி பரண் மேல் ஏறிவிடும். பையனை ஏதாவது ஒரு வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். பொண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

"எடுக்கல" என்பது ஒன்று. "முடியாது" என்பது வேறு ஒன்று. இரண்டையும் நாம் ஒன்றாக்கிவிடக் கூடாது. இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது அவ்வளவுதான். அதை ஒரு உண்மைக் கதையோடு சொல்கிறோம்.

சேலத்து ரயில் போகும் திசையில் ஒரு கதை

நம்ம ஜங்ஷனில் சேலம் ரயில் ஏறி, சேலத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்தால் சின்னப்பம்பட்டி என்று ஒரு கிராமம் வரும். அந்த ஊர்க்காரர்தான் கிரிக்கெட் வீரர் தங்கராசு நடராஜன். பெயரைச் சொன்னதும் இங்கே பல பிள்ளைகள் முகம் மலர்கிறது பாருங்க!

1991ல் பிறந்தவர். அப்பா நெசவுக் கூடத்தில் தினக்கூலி. அம்மா ரோட்டோரத்தில் கோழிக்கறிப் பலகாரம் போட்டு விற்றவர். 5 பிள்ளைகளில் மூத்தவர் நடராஜன். அந்த அம்மாவின் கணக்கு நமக்கு நன்றாகத் தெரியும். காலையில் முதல் போட்டு, சாயங்காலம் விற்று, ராத்திரி எண்ணிப் பார்த்து, மறுநாள் சரக்குக்கு எடுத்து வைக்கிற கணக்கு. அதில் கிரிக்கெட் மட்டைக்கும் பந்துக்கும் ஏது இடம்?

20 வயது வரை அவர் ஆடியதெல்லாம் டென்னிஸ் பந்தில்தான். நகரத்துப் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதிலேயே கோச்சிங் சேர்ந்து, தோல் பந்தில் பழகிவிடுகிறார்கள். 14 வயது அணி, 16 வயது அணி, 19 வயது அணி என்று படிப்படியாக ஏறி வருகிறார்கள். இவர் அந்தப் படிக்கட்டின் பக்கமே போகவில்லை. அவரைத் தேர்வு செய்யாமல் விட்டார்கள் என்று கூடச் சொல்ல முடியாது. தேர்வு செய்கிறவர்களின் கண்ணில் படுகிற இடத்திலேயே அவர் இல்லை.

அதே ஊரைச் சேர்ந்த ஜெயப்பிரகாஷ் என்பவர் பையனின் பந்துவீச்சைப் பார்த்தார். இவனிடம் விஷயம் இருக்கிறது என்று கண்டுகொண்டார். சென்னைக்கு அழைத்துப் போய் லீக் போட்டிகளில் சேர்த்துவிட்டார். முதலில் 4வது டிவிஷன். கடைசிப் படி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒவ்வொரு படியாக ஏறி முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ் அணிக்கு வந்தார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு ரஞ்சி அணியில் இடம் கிடைத்தது. கொல்கத்தா ஈடன் கார்டன் மைதானத்தில் பெங்கால் அணியோடு முதல் ஆட்டம்.

முதல் ஆட்டத்திலேயே விழுந்த அடி

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைக்கும்போதுதான் அடி விழுந்தது. அந்த முதல் ஆட்டத்திலேயே அவர் பந்துவீசும் முறை சந்தேகத்துக்குரியது என்று நடுவர்கள் புகார் எழுதிவிட்டார்கள்.

கிரிக்கெட் தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறோம். பந்து வீசும்போது மடங்கியிருக்கும் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது என்பது விதி. அதற்கு மேல் நிமிர்ந்தால் அது பந்துவீச்சு இல்லை, கல் எறிவது போல எறிதல் என்று ஆகிவிடும். புகார் வந்தால் வீச்சைச் சரிசெய்துகொண்டுதான் திரும்பி வர வேண்டும்.

யோசித்துப் பாருங்க. 20 வயது வரை பழகிய கை. அந்தக் கையால்தான் கிராமத்திலிருந்து ரஞ்சி வரை வந்தார். இப்போது அந்தக் கையே தப்பு என்கிறார்கள். ஊரில் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு, ஏதாவது வேலைக்குப் போகச் சொல்லுங்க" என்று சொல்லாத ஊர் உண்டா?

அவர் என்ன செய்தார்? ஏறத்தாழ ஒரு வருஷம் உட்கார்ந்து கையை மாற்றினார். சுனில் சுப்பிரமணியம், டி. வாசு, வெங்கட்ரமணா போன்ற பயிற்சியாளர்கள் உதவினார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினார்கள். நெசவு தெரிந்தவர்களுக்குப் புரியும். பாவில் ஒரு இழை தப்பினால் தறியை உடைத்துப் போடுவதில்லை. நிறுத்தி, தேடி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டுகிறோம்.

2016ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் வந்தது. திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்கு ஆடினார். தூத்துக்குடி அணியோடு நடந்த ஆட்டம் சமநிலையில் முடிய, வெற்றியைத் தீர்மானிக்க ஒரே ஒரு சூப்பர் ஓவர். அதில் 6 பந்தையும் யார்க்கராகப் போட்டார். யார்க்கர் என்றால் மட்டைக்காரரின் காலடியிலேயே குத்தும் பந்து. ஒரு விரற்கடை தப்பினாலும் சிக்சர் போகும். 6 பந்தும் தப்பவில்லை.

3 கோடியும் இரண்டு வருஷக் காத்திருப்பும்

ஐபிஎல் ஏலம் எப்படி நடக்கிறது என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறோம். வீரர்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு அடிப்படை விலை. பெயரைக் கூப்பிடுவார்கள். அணிக்காரர்கள் கையில் உள்ள அட்டையைத் தூக்கினால் விலை ஏறும். யாரும் தூக்காவிட்டால் "விலை போகவில்லை" என்று சொல்லி அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். சில விநாடிதான். 2024 நவம்பரில் நடந்த ஏலத்தில் 577 பேர் பட்டியலில் இருந்தார்கள். எடுத்தது 182 பேரை. மீதி 395 பேரும் ஆடத் தெரியாதவர்களா? இல்லை சகோதரிகளே. அணிகளில் காலி இடம் கொஞ்சம்தான் இருந்தது.

2017 பிப்ரவரி ஏலத்தில் நடராஜனின் அடிப்படை விலை 10 லட்சம். பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்து எடுத்தது. ஊரே கொண்டாடியது. அவர் சட்டையில் தன் பெயரோடு வழிகாட்டி ஜெயப்பிரகாஷின் பெயரெழுத்துகளையும் சேர்த்து "ஜேபி நட்டு" என்று போட்டுக்கொண்டார். நன்றி மறக்காத பிள்ளை.

ஆனால் அந்த வருஷம் 6 ஆட்டம் ஆடினார், 2 விக்கெட் எடுத்தார். அடுத்த வருஷம் பஞ்சாபில் இல்லை. 2018 ஏலத்தில் ஹைதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. 3 கோடி எங்கே, 40 லட்சம் எங்கே? அதோடு விடவில்லை. 2018 முழுக்க ஒரு ஆட்டத்தில் கூட இறக்கவில்லை. 2019 முழுக்கவும் இறக்கவில்லை. அணியோடு பயணம் போவார், வலையில் பந்து போடுவார், ஆட்டத்தன்று வெளியே உட்காருவார். இரண்டு வருஷம்!

ஏலத்தில் எடுக்காமல் விடுவது ஒரு வலி. எடுத்துவிட்டு உட்கார வைப்பது இன்னொரு வலி. முதலாவது ஒரே நாளில் தெரிந்துவிடும். இரண்டாவது தினம் தினம் தெரியும்.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் அவர் இன்னொரு வேலையும் செய்தார். சொந்த ஊரில் ஜெயப்பிரகாஷோடு சேர்ந்து பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். தனக்கே ஆட வாய்ப்பு இல்லாத நேரத்தில் அடுத்தவருக்கு வழி போட்டுக் கொடுத்தார். அதே சின்னப்பம்பட்டிப் பையன் பெரியசாமி 2019ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தில் 5 விக்கெட் எடுத்து சேப்பாக்கம் அணி கோப்பை வெல்லக் காரணமானார்.

வலையில் போட்ட பந்து வீண் போகவில்லை

2020ல் ஐபிஎல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது. இந்த முறை நடராஜனை இறக்கினார்கள். 16 ஆட்டம், 16 விக்கெட். உலகமே பயப்படும் டிவில்லியர்ஸின் ஸ்டம்பை ஒரு யார்க்கரில் சாய்த்ததை நம்ம பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

அப்படியும் இந்திய அணியின் முதல் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பந்து வீச்சாளராகத்தான் சேர்த்தார்கள். மற்றவர்கள் பயிற்சி எடுக்க இவர் பந்து போட வேண்டும். அந்த நேரத்தில் இன்னொரு தமிழ்நாட்டு வீரர் வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் காயம். 20 ஓவர் அணியில் அவர் இடத்துக்கு நடராஜனைச் சேர்த்தார்கள்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 2020 டிசம்பர் 2ம் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டம். டிசம்பர் 4ம் தேதி அதே ஊரில் 20 ஓவர் ஆட்டம், 3 விக்கெட். டெஸ்ட் அணியில் ஒருவர் பின் ஒருவராகக் காயம் பட, 2021 ஜனவரி 15ம் தேதி பிரிஸ்பேன் டெஸ்டில் இறங்கி முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட். 1988க்குப் பிறகு அந்த மைதானத்தில் டெஸ்டில் தோற்காத ஆஸ்திரேலியாவை இந்தியா வென்றது. ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் என்ற பெயர் நடராஜனுக்குக் கிடைத்தது. வலையில் பந்து போடப் போனவர் கையில் கோப்பையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

இதற்கு நடுவில் 2020 நவம்பரில் அவருக்கு மகள் பிறந்தாள். பிள்ளை முகத்தைப் பார்க்க அவரால் ஊருக்கு வர முடியவில்லை. ஜனவரியில் ஊர் திரும்பியபோது சாரட் வண்டியில் வைத்து ஊர்வலமாகக் கூட்டிப் போனார்கள். அந்தப் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு இரண்டரை மாசம் தனியாகப் பார்த்துக்கொண்ட அவர் மனைவியையும் நாம் நினைக்க வேண்டும். சாதனை என்று எழுதும்போது இந்தப் பங்கு பல நேரம் விட்டுப் போகிறது.

அதிர்ஷ்டம் மட்டும்தானா?

யாருக்கோ காயம் பட்டது, இவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது என்று சொல்லலாம். காயம் பட்டது அதிர்ஷ்டம்தான். ஆனால் கூப்பிட்ட அன்றைக்கு இறங்கி விக்கெட் எடுக்கத் தயாராக இருந்தது அதிர்ஷ்டம் இல்லை. கையை மாற்றிய ஒரு வருஷமும் வெளியே உட்கார்ந்த இரண்டு வருஷமும் கொடுத்த தயாரிப்பு அது.

நம்ம ஊர்ப் பீங்கான் வேலை தெரிந்த சகோதரிகளுக்கு இது புது விஷயம் இல்லை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையைக் கையோடு சூளையில் வைப்பதில்லை. ஈரம் போகக் காய வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் வெடித்துவிடும். காய வைக்கிற நாளில் பொம்மை சும்மாதான் இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்த நாளும் வேலை நாள்தான். பிள்ளைகளுக்கும் அப்படித்தான். "எடுக்கல" என்ற நாளுக்கும் அடுத்த தேர்வு நாளுக்கும் நடுவில் உள்ள நாட்கள் வேலை நாட்கள்.

இது நம்ம நாட்டுக்கு மட்டும் உள்ள கதை இல்லை. ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கென்றே ஒரு கால்பந்து உண்டு. முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், ஒரு பக்கத்துக்கு 18 பேர், காலாலும் உதைக்கலாம், கையாலும் தட்டிக் கொடுக்கலாம். அங்கே ஏலம் கிடையாது. வருஷக் கடைசியில் 18 கிளப்புகளும் முறைவைத்துப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் 18 வயதுப் பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். டிம் கெல்லி என்ற வீரரை 18 வயதில் யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் எடுக்கவில்லை. அவர் தன் மாநில லீக்கில் சவுத் ஃப்ரீமேன்டில் அணிக்காக ஆடிக்கொண்டே இருந்தார். குடும்பப் பொறுப்பு வந்த பிறகு, 23 வயதில், 2017ல் ஜீலாங் கிளப் 24வது பெயராக அவரை எடுத்தது. இரண்டே வருஷத்தில், 2019ல், நாட்டின் மிகச் சிறந்த வீரர்கள் என்று அறிவிக்கும் ஆண்டு அணியில் அவர் பெயர் இருந்தது.

அந்த நாட்டிலும் தேர்வு செய்கிறவர்கள் கண்ணுக்குத் தப்பும். இந்த நாட்டிலும் தப்பும். தப்பின பிறகு பிள்ளை மைதானத்தில் இருக்கிறதா, வீட்டில் முடங்கிவிட்டதா என்பதுதான் வித்தியாசம்.

பெண் பிள்ளைக்கு முதல் தேர்வுக் குழு எது?

"இதெல்லாம் ஆம்பளைப் பிள்ளைகள் கதை, நமக்கு எதுக்கு?" என்று சில சகோதரிகள் நினைக்கலாம். நியாயம்தான். ஒரு பையனை விளையாட்டு அதிகாரி எடுக்காமல் விடுகிறார். ஒரு பொண்ணை அதிகாரி பார்ப்பதற்கு முன்னாடியே நாம் எடுக்காமல் விட்டுவிடுகிறோம். பெண் பிள்ளைக்கு முதல் தேர்வுக் குழு வீடுதான்.

வெயிலில் ஆடினால் கறுத்துப் போவா, அரை டிராயர் போட்டால் ஊர் பேசும், கையைக் காலை ஒடித்துக்கொண்டால் யார் கட்டிப்பாங்க. இந்த மூன்று வாக்கியத்தில் எத்தனை பிள்ளைகள் நின்று போயிருக்கும்?

நம்ம கடலூர் மாவட்டத்தையே பாருங்க. 2004 சுனாமிக்குப் பிறகு கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர், பெற்றோரை இழந்த பிள்ளைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் சேர்த்துக் கால்பந்து சொல்லிக் கொடுத்தார். சாப்பாடு, படிப்பு, பந்து மூன்றும் ஒன்றாக. அங்கே ஆடி வளர்ந்தவர்கள் இந்திய அணி வரை போனார்கள்.

இந்துமதி கதிரேசன் நம்ம மாவட்டத்துப் பொண்ணு. 2019 மார்ச்சில் நேபாளத்தில் நடந்த தெற்காசியக் கோப்பை அரையிறுதியில் வங்கதேசத்துக்கு எதிராக 2 கோல் போட்டார். அந்தக் கோப்பையை இந்தியா வென்றது. தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர் வேலையும் விளையாட்டு மூலமே கிடைத்தது. 2023-24 ஆண்டின் சிறந்த வீராங்கனை என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அவரைத் தேர்வு செய்தது. பண்ருட்டிப் பொண்ணு சந்தியா ரங்கநாதன் சின்ன வயதில் அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். அவரும் இந்திய அணிக்கு ஆடினார். பண்ருட்டி நமக்கு எவ்வளவு தூரம்? முந்திரி வேலைக்குப் போய் வருகிற தூரம்தானே.

இவர்களை முதலில் எடுத்தது எந்த ஏலமும் இல்லை. "ஆடட்டும்" என்று யாரோ ஒருவர் சொன்ன வார்த்தை.

நாமும் எடுக்கப்படாதவர்கள்தான்

சகோதரிகளே, நம்ம கதையையே கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். 1989ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கிய காலத்தில் சொத்து இல்லாத பெண்ணுக்கு வங்கிக் கடன் எளிதில் கிடைக்கவில்லை. ஜாமீன் என்ன, நிலப் பட்டா எங்கே, வீட்டுக்காரர் வந்தாரா என்று கேட்டார்கள். 1992ல்தான் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தைச் சோதனையாகத் தொடங்கியது. அதற்குள் பெண்கள் என்ன செய்தார்கள்? வாரா வாரம் கூடினார்கள். சின்னச் சின்னத் தொகையாகச் சேமித்தார்கள். தீர்மானப் புத்தகம் எழுதினார்கள். தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துத் திருப்பி வாங்கினார்கள். வங்கி திரும்பிப் பார்த்தபோது காட்டுவதற்குக் கையில் கணக்கு இருந்தது.

இன்றைக்கும் ஒரு குழு கிரேடிங்கில் தேறவில்லை என்றால் குழுவைக் கலைத்துவிடுகிறோமா? இல்லையே. எதில் மதிப்பெண் குறைந்தது என்று பார்க்கிறோம். வருகைப் பதிவா, கடன் திரும்புவதா, பேரேடு எழுதுவதா? அதைச் சரிசெய்து மறுபடி போய் நிற்கிறோம். குழுவுக்குச் செய்யத் தெரிந்ததைப் பிள்ளைக்கும் செய்வோம்.

ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்

எல்லாப் பிள்ளையும் நடராஜன் ஆகிவிடாது. அப்படி ஆசை காட்டி யாரையும் ஏமாற்ற நாங்கள் தயாராக இல்லை.

நடராஜன் கதையே அங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. 2021 மார்ச் 28ம் தேதி புனேயில் இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் கடைசி ஓவரில் 14 ரன் தேவைப்பட்டபோது அதைக் காத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு முழங்கால் அறுவை சிகிச்சை. 2024 ஐபிஎல்லில் 19 விக்கெட் எடுத்தார், ஆனாலும் அந்த வருஷத்து உலகக் கோப்பை அணியில் பெயர் வரவில்லை. 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி அணி 10 கோடியே 75 லட்சம் கொடுத்து எடுத்தது. அடுத்த வருஷம் இறக்கிவிட்ட ஆட்டங்கள் மிகக் கொஞ்சம். ஆக, எடுப்பதும் விடுவதும் ஒரு தடவையோடு தீர்வதில்லை. வாழ்க்கை முழுக்க வரும்.

ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியில் அவர் பெயரில் ஒரு கிரிக்கெட் மைதானம் திறக்கப்பட்டது. இந்திய அணியில் தனக்கு இடம் இல்லாத காலத்தில், ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் உண்டாக்கிக் கொடுத்தார். அடுத்த பிள்ளை தேர்வாளர் கண்ணில் பட 20 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மைதானத்தை எந்தத் தேர்வுக் குழுவும் அவரிடமிருந்து எடுத்துவிட முடியாது.

நாம் செய்யக் கூடியது என்ன?

பேசிக் கலைந்துவிடாமல், ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் கீழே உள்ளவற்றை விவாதித்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.

1. தேர்வாகாத அன்றைக்குப் பிள்ளையைத் திட்ட வேண்டாம், மற்ற பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். சாப்பாடு போட்டுத் தூங்க விடுங்கள். மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

2. ஏன் எடுக்கவில்லை என்று பயிற்சியாளரிடமோ உடற்கல்வி ஆசிரியரிடமோ அம்மாவே நேரில் போய்க் கேளுங்கள். உயரமா, வேகமா, உடல் பலமா, அல்லது இடம்தான் குறைவா? காரணம் தெரிந்தால்தான் வேலை தெரியும். நடராஜனுக்கு முழங்கை என்று தெரிந்ததால்தான் முழங்கையைத் திருத்தினார்.

3. அடுத்த தேர்வு வரை ஒரு வருஷம் மைதானத்தில் இருக்க விடுங்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளுக்கு வருஷா வருஷம் தேர்வு நடத்துகிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் மாவட்ட அளவிலேயே தொடங்குகின்றன. விவரத்துக்குக் கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தை அணுகலாம்.

4. படிப்பை நிறுத்தக் கூடாது. விளையாட்டும் படிப்பும் இரண்டு கால். ஒரு காலில் நின்றால் எவ்வளவு நேரம் நிற்க முடியும்? விளையாட்டுச் சான்றிதழ்களைப் பத்திரமாக வையுங்கள். கல்லூரிச் சேர்க்கைக்கும் அரசு வேலைக்கும் விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது.

5. காலணி, பஸ் கட்டணம், முட்டை, பயறு. இதற்குத் தேவைப்படுவது பெரிய தொகை இல்லை. உள்கடன் கேட்டு வரும் தாயைப் பார்த்து "விளையாட்டுக்கா கடன்?" என்று சிரிக்க வேண்டாம். மற்றக் கடனைப் போலவே நேரத்துக்குத் தவணை கட்டச் சொல்லுங்கள், கொடுங்கள்.

6. பொண்ணை வெளியூர்த் தேர்வுக்கு அனுப்பும்போது குழுவில் ஒரு அக்கா துணைக்குப் போகட்டும். பயிற்சியாளர் யார், எங்கே தங்க வைக்கிறார்கள், பெண் பொறுப்பாளர் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இப்படிக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம், கேட்பது நம்ம உரிமை.

7. 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் சட்டப்படி குற்றம் என்பது நமக்குத் தெரியும். 18 ஆனதும் அடுத்த நாளே கல்யாணம் என்பதும் எந்தச் சட்டத்திலும் இல்லை. டிம் கெல்லிக்கு வாய்ப்பு வந்தது 23 வயதில்.

சகோதரிகளே, நடராஜனுக்கு ஒரு ஜெயப்பிரகாஷ் இருந்தார். கடலூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மாரியப்பன் இருந்தார். இவர்கள் பிள்ளைகளிடம் கேட்டது ஒன்றுதான்: நாளைக்கும் மைதானத்துக்கு வா. நம்ம ஊரில் அந்த வார்த்தையைச் சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. ஒரு குழுவில் 12 பேர், 20 பேர் இருக்கிறோம். ஒரு பிள்ளை "எடுக்கல" என்று வீட்டுக்கு வரும்போது, அதே தெருவில் அத்தை, பெரியம்மா, சித்தி என்று ஒருத்தராவது "சரி, நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு எழுப்பணும்?" என்று கேட்டால் போதும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் குழுவில் அப்படி எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், என்ன விளையாட்டு, எதற்காக எடுக்கவில்லை என்று எழுதிக் கொண்டு வாருங்கள். சேமிப்புக் கணக்கு வாசித்த பிறகு அந்தப் பட்டியலையும் வாசிப்போம்.